பின்வரிசையில் நின்றவன் விசில் எடுத்தால்: தற்காப்பு ஆட்டக்காரர் பயிற்றுநர் ஆவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், செந்தூலில் ஒரு திடலில் சனிக்கிழமை காலைகளில் 12 வயதுக்குட்பட்ட, 15 வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் காற்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். அதற்கு முன் 14 வருடம் நடுத் தற்காப்பில் ஆடினேன். பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை. வட்டார லீக், வேலை செய்த கம்பெனியின் அணி, தீபாவளிக் கிண்ணம், அவ்வளவுதான். பயிற்சி முடிந்து எதிரே இருக்கும் மாமாக் கடையில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் பெற்றோர், இன்னொரு பக்கம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்றுநர் ஆகலாமா என்று யோசிக்கிற முப்பது வயதுக்காரர்கள். ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறாது. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தே தாரிக் ஆறிப்போனதுதான் மிச்சம் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"பேக்ல நிக்கிறவனுக்கு என்ன வேலை கோச்? வர்ற பந்தை ஓங்கி வெளிய அடிக்கிறதுதானே?"

எங்கள் காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது, அதனால் கோபப்பட மாட்டேன். ஆனால் பந்தை வெளியே அடிப்பது கடைசி வழி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது: எதிராளி எங்கே ஓடப் போகிறான் என்று முன்கூட்டியே பார்ப்பது, அவனைத் தனக்கு வசதியான பக்கம் ஒதுக்குவது, பக்கத்தில் நிற்பவனைச் சரியான இடத்துக்கு இழுப்பது, பந்து கிடைத்தால் சொந்த ஆளிடம் ஒழுங்காகக் கொடுப்பது.

நடுத் தற்காப்பில் நிற்பவனுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆட்டம் முழுவதும் அவன் கண் முன்னால் நடக்கிறது. முன்னால் ஆடுபவன் பாதி நேரம் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். பின்னால் நிற்பவனுக்கு 20 பேரும் தெரிவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

"நீங்க எப்போ விளையாடுறத விட்டுட்டு இந்தப் பக்கம் வந்தீங்க?"

34 வயதில். முட்டிதான் முடிவு செய்தது. ஒரு மழை நாள், ஈரமான திடல், வலது கால் அங்கேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ஆறு மாதம் கழித்து ஒரு நண்பர், "சும்மாதானே இருக்க, பசங்களப் பாத்துக்க" என்று கூப்பிட்டார். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. பையன்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒருவன் மட்டும் தண்ணீர் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினான்.

ஆட்டக்காரனாக நான் செய்த எதையும் எப்படிச் செய்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. "அங்க நில்லு" என்று சொல்ல முடிந்தது. ஏன் அங்கே என்று கேட்டால் வாய் அடைத்துப் போனது. அந்த "ஏன்" தெரிந்துகொள்ளத்தான் கோர்ஸுக்குப் போனேன்.

"பேக்ல ஆடினவங்கதான் நல்ல கோச் ஆவாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?"

பாதி உண்மை. ஆதாரம் வேண்டும் என்றால் முதலில் எல்லாரும் எடுப்பது ஃபிரான்ட்ஸ் பெக்கன்பவரைத்தான். பின்வரிசையிலிருந்து ஆட்டத்தையே நடத்தியவர். 1974ல் மேற்கு ஜெர்மனியின் கேப்டனாக உலகக் கிண்ணத்தைத் தூக்கினார், 1990ல் அதே அணியின் பயிற்றுநராக மறுபடி வென்றார். 2022ல் அர்ஜென்டினாவுக்கு உலகக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த லியோனல் ஸ்காலோனியும் வலது பக்கத் தற்காப்பில் ஆடியவர்தான். ஆட்டக்காரராக அவரை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இங்கிலாந்தின் கேரத் சவுத்கேட் நடுத் தற்காப்பு. 1996 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டவர், பிறகு அதே நாட்டை அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டங்களுக்குக் கொண்டுபோனார்.

காரணம் முதல் பதிலில் இருக்கிறது: திடல் முழுவதையும் பார்த்துப் பழகிய கண், ஆட்டம் முழுக்கப் பேசிப் பழகிய வாய். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் உலகக் கிண்ணம் வென்ற மூவரில் பெக்கன்பவர் மட்டும்தான் தற்காப்பு. மாரியோ ஸகாலோ முன்னால் ஓரத்தில் ஆடியவர், டிடியே டெஷாம்ப் நடுத்திடல். நம் ஊரிலேயே கே. ராஜகோபால் முன்வரிசை ஆட்டக்காரர். 2009 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் 20 வருடத்துக்குப் பிறகு மலேசியாவுக்குத் தங்கம், 2010ல் இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என்று வென்று தென்கிழக்காசியக் கிண்ணம், இரண்டும் அவர் கையில்தான் வந்தன. ஆக, பின்னால் நின்றவனுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் வசதி, அவ்வளவுதான். அந்த வசதியே பிறகு எப்படிக் காலை வாரும் என்பதைக் கீழே ஓர் அப்பா கேட்டிருக்கிறார்.

"நம்ம நாட்டுல பெரிய தற்காப்பு ஆட்டக்காரங்க யார் யாரு? பசங்களுக்குத் தெரியவே மாட்டேங்குது."

சோ சின் ஆன், சந்தோக் சிங். இந்த ஜோடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சோ சின் ஆனுக்குத் "தவுக்கே" என்று பட்டப்பெயர். கடை முதலாளி மாதிரி பின்னால் நின்று எல்லாரையும் வேலை வாங்குவார். மலேசியாவுக்காக அவரைவிட அதிக ஆட்டங்கள் ஆடியவர் இல்லை. 1980ல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம், பிறகு புறக்கணிப்பால் போகாமல் விட்டோம். அந்த அணியின் முதுகெலும்பு இந்த இருவர்.

அதற்கும் முன்னால், நாம் உண்மையிலேயே போய் ஆடிய ஒலிம்பிக் 1972 மியூனிக். அந்த அணியின் கேப்டன் எம். சந்திரன், அவரும் தற்காப்பு. அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றோம். என் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது அமெரிக்கா ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்வார்.

"பதினஞ்சு வருஷம் ஆடியிருக்கேன். எனக்கும் லைசென்ஸ் வேணுமா?"

பக்கத்து வீட்டுப் பையன்களோடு பந்து உதைக்க வேண்டாம். ஓர் அணியின் பயிற்றுநர் என்று பெயர் போட வேண்டுமென்றால் வேண்டும். மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் டி லைசென்ஸ்தான் முதல் படி. அதற்கு மேல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியாது. நடுவில் ஓர் அணியோடு உண்மையிலேயே வேலை செய்திருக்க வேண்டும். வாங்கியதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தாலும் போதாது. அது காலாவதி ஆகும், தொடர்ந்து கற்றதைக் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள்.

பெக்கன்பவர் 1984ல் மேற்கு ஜெர்மனி அணியை எடுத்தபோது அவரிடம் லைசென்ஸ் இல்லை. அதனால் அவர் பதவிக்கே வேறு பெயர் வைத்தார்கள். "அவருக்கு மட்டும்?" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நீங்களும் உலகக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், உங்களுக்கும் பெயர் மாற்றித் தருவார்கள் என்றேன்.

"டி லைசென்ஸ்ல என்னதான் சொல்லிக் கொடுப்பாங்க? பந்து உதைக்கவா?"

பந்து உதைக்க யாரும் சொல்லித் தரமாட்டார்கள். சின்னப் பையன்களுக்கு ஒரு பயிற்சியை எப்படித் திட்டமிடுவது, அதை நடத்துவது, பாதுகாப்பு, முதலுதவி போன்றவை. கூட வந்தவர்களையே பையன்களாக நிறுத்தி நீங்கள் பயிற்சி நடத்த வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள்கூட அங்கேதான் வியர்த்துப் போவார்கள்.

நான் நடத்தியது "ஒருவருக்கு ஒருவர் தற்காப்பு". ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி விளக்கினேன். முடிந்ததும் பயிற்சி கொடுத்தவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். 15 நிமிடத்தில் ஒன்பது நிமிடம் நான் பேசியிருந்தேன். பையன்கள் பந்தைத் தொட்டது மிச்ச ஆறு நிமிடம். அன்றிலிருந்து திடலில் நானே என்னை மணி பார்த்துக்கொள்கிறேன்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, மலாய் சமாளிப்பேன். கோர்ஸுக்குப் போலாமா?"

தாராளமாகப் போகலாம். தொடக்கப் படிகளில் மலாய் போதும். தமிழ்ப்பள்ளியில் படித்து எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு அது சிரமமே இல்லை. மேலே போகப் போக இங்கிலீஷ் வாசிக்க வேண்டி வரும், அதற்கு வருடங்கள் இருக்கின்றன.

திடலில் பேசும் மொழி வேறு கதை. மலாயில் "நாயிக்" என்றால் ஏறு, "துருன்" என்றால் இறங்கு. பின்வரிசைக்கு இந்த இரண்டும் உயிர். ஒரு நாள் நான் "நாயிக், நாயிக்" என்று கத்த, வேலி ஓரம் நின்ற ஒரு பாட்டி, "பிள்ளைகளப் போயி நாய்ங்கிறானே" என்று கோபித்துக்கொண்டு பேரனைக் கூட்டிப் போகப் பார்த்தார். அதற்குப் பிறகு என் அணியில் "ஏறு", "இறங்கு". எதிரணிக்குப் புரியாது என்பது கூடுதல் லாபம், எதிரணியிலும் நம் பையன்கள் இல்லாத வரைக்கும்.

"இதுல சோறு கிடைக்குமா?"

சனி ஞாயிறு மட்டும் என்றால் பெட்ரோலுக்கும் பசியாறலுக்கும் கிடைக்கும். பள்ளிப் புறப்பாட அணி, தனியார் அகாடமி என்று இரண்டு மூன்று இடம் சேர்த்தால் ஓரளவு சமாளிக்கலாம். முழுநேரமாக இதிலேயே வாழ்வது பி, ஏ லைசென்ஸோடு கிளப்பில் இடம் கிடைத்தவர்களுக்கு, அதுவும் அணி தோற்காத வரைக்கும். நான் இன்னும் ஸ்டோரில்தான் வேலை பார்க்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: எழுத்தில் வாங்குங்கள். ஓர் அகாடமியில் மூன்று மாதம் சம்பளம் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றே போனது. என் கையில் இருந்தது வாட்ஸ்அப் குரல் செய்திகள் மட்டும்.

"என் பையன் ரொனால்டோ மாதிரி கோல் அடிக்கணும்கிறான், நீங்க ஏன் அவனப் பின்னால போடுறீங்க?"

இந்தக் கேள்வி வராத சனிக்கிழமை இல்லை. 12 வயதுக்குள் எல்லாரும் எல்லா இடத்திலும் நிற்க வேண்டும் என்பது என் அணியில் விதி. இந்த மாதம் பின்னால், அடுத்த மாதம் ஓரத்தில், அதற்கடுத்து முன்னால். கோல் காவலராகவும் நிற்க வேண்டும். பத்து வயதில் "இவன் தற்காப்பு" என்று முத்திரை குத்தினால், 16 வயதில் வளராமல் நின்றுவிட்டால் அந்தப் பையன் எங்கே போவான்?

பின்னால் நிற்பது தண்டனை என்ற நினைப்பு பையன்களுக்குப் பெரியவர்களிடமிருந்துதான் வருகிறது. காரில் போகும்போது "இன்னிக்கு எத்தன கோல் அடிச்ச?" என்று மட்டும் கேட்கிறீர்கள். "எத்தன பந்தப் பறிச்ச?" என்று ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள்.

"சரி, தற்காப்ப எப்படித்தான் சொல்லித் தர்றீங்க? அதுக்குன்னு பயிற்சி இருக்கா?"

இருக்கிறது. முதல் பாடம் பந்தைப் பறிக்காமல் இருப்பது. சின்னப் பையன்கள் பந்தைப் பார்த்ததும் பாய்வார்கள். எதிராளி ஒரு தட்டுத் தட்டினால் இவன் புல்லில் கிடப்பான். அதனால் முதல் இரண்டு வாரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கால் நீட்டாமல், எதிராளி முன்னால் ஓர் ஆள் தூரத்தில் பின்னோக்கி நகர வேண்டும். நேராக நிற்கக் கூடாது. ஒரு தோள் முன்னே, ஒரு தோள் பின்னே, முட்டி மடங்கி, கண் பந்தில். அவன் கண்ணையோ தோளையோ பார்த்தால் ஏமாந்தீர்கள், அவை பொய் சொல்லும். எதிராளி பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தட்டுவான் பாருங்கள், அந்த ஒரு நொடி. அதற்காகக் காத்திருப்பதுதான் கலை. ஒரு பையன் மூன்று வாரம் ஏமாந்து, நாலாவது வாரம் காத்திருந்து பந்தை எடுத்தான். கோல் அடித்தவன்கூட அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, கயிறு. துணி காயப்போடும் நைலான் கயிற்றை வாங்கி, நாலு பேர் இடுப்பிலும் சுற்றி, இருவருக்கு நடுவே ஆறேழு மீட்டர் விட்டுப் பிடிக்கச் சொல்வேன். பந்து இடது பக்கம் போனால் நாலு பேரும் இடது பக்கம். ஒருவன் முன்னால் போய் மறித்தால் பக்கத்தில் நிற்பவன் ஒரு படி பின்னால். ஒருவன் தூங்கினால் கயிறு இழுபடும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் வாய் திறக்கவே வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் செய்தால் கயிறு சிக்கிவிடும், அதை அவிழ்க்க இன்னொரு பத்து நிமிடம். அவசரத்தில் ஓட விடாதீர்கள், நடந்தால் போதும்.

மூன்றாவது, பேச்சு. பின்னால் நிற்பவன் ஊமையாக இருந்தால் பாதி ஆட்டக்காரன்தான். கூச்ச சுபாவமுள்ள பையன்களுக்கு இதுதான் மிகக் கடினம். நாலு சொல் கொடுத்திருக்கிறேன்: ஏறு, இறங்கு, ஆள், நேரமிருக்கு. இந்த நாலைச் சத்தமாகச் சொல்லாதவன் அன்றைக்குக் கூம்புகளை எடுத்து அடுக்குவான்.

"ஆஃப்சைட் ட்ராப் சொல்லிக் கொடுங்க கோச், டிவில பாக்குற மாதிரி."

எதிராளி நம் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்தை வாங்கினால் ஆஃப்சைட். நாலு பேரும் ஒன்றாக முன்னால் ஏறி அவனை அப்படி மாட்டிவிடுவதுதான் ட்ராப். 12 வயதுக்குள் மாட்டேன். நாங்கள் ஆடும் 7 பேர் ஆட்டங்களில் அதற்கு வேலையும் இல்லை. 15 வயது அணிக்கு வரிசையாக ஏறுவது மட்டும் சொல்லித் தருகிறேன். கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்ப்பது பயிற்சி அல்ல, பிரார்த்தனை.

பையன்களுக்கு விதியின் கதையைச் சொல்வதுண்டு. 1925 வரை தாக்குபவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணி ஆட்கள் மூன்று பேர் வேண்டும், அதன் பிறகு இரண்டு. 1990ல் ஒரே கோட்டில் நின்றால் ஆஃப்சைட் இல்லை என்று மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றமும் தாக்குபவனுக்குச் சாதகம், பின்னால் நிற்பவனுக்குக் கூடுதல் வேலை.

"பின்னாலிருந்தே பாஸ் பண்ணி ஆடச் சொல்றீங்களே, அதனாலதான் கோல் வாங்குறோம். அடிச்சுத் தள்ளினா என்ன?"

சில வாரம் அதனால் கோல் வாங்குகிறோம், மறுக்கவில்லை. ஆனால் 1992லிருந்து, சொந்த ஆள் காலால் வேண்டுமென்றே கொடுக்கும் பந்தைக் கோல் காவலர் கையால் பிடிக்க முடியாது. அதற்கு முன் நெருக்கடி வந்தால் பின்னால் தள்ளிவிட்டு மூச்சு விடலாம். 2019லிருந்து கோல் கிக்கின்போது பந்து பெனால்டிப் பகுதியை விட்டு வெளியே வர வேண்டியதில்லை, உள்ளேயே சொந்த ஆள் வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து பின்வரிசைக்காரனை முதல் தாக்குதல்காரனாக ஆக்கிவிட்டன. பந்தை வாங்கத் தெரியாத தற்காப்பு ஆட்டக்காரனை எந்தத் தேர்விலும் இனி எடுக்கமாட்டார்கள். நான் இன்றைக்குப் பையனாக இருந்தால் என் அணியிலேயே எனக்கு இடம் கிடைப்பது சந்தேகம்.

"கடைசி ஆள் தள்ளினா ரெட் கார்டுதானே? ரெஃப்ரி ஏன் மஞ்சள் காட்டினாரு?"

"கடைசி ஆள்" என்ற சொல் விதிப்புத்தகத்தில் இல்லை. தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்தானா என்பதுதான் கேள்வி. கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, பந்து தாக்குபவன் வசம் இருந்ததா, வேறு தற்காப்பு ஆட்கள் எங்கே நின்றார்கள் என்று நடுவர் பார்ப்பார். தவிர, 2016லிருந்து பெனால்டிப் பகுதிக்குள் உண்மையாகவே பந்தை எடுக்க முயன்று தவறு செய்தால், பெனால்டியோடு மஞ்சள் அட்டைதான். பிடித்து இழுத்தால், தள்ளினால் சிவப்பு. அன்றைக்கு அந்தப் பையன் பந்துக்குத்தான் கால் நீட்டினான். நடுவர் சரி. வேலி ஓரம் கத்திய நாம்தான் தப்பு, நானும் கத்தினேன்.

"சின்னப் பசங்க தலையால அடிக்கலாமா? மூளைக்குக் கெடுதல்னு படிச்சேன்."

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019ல் வந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மறதி நோய் போன்ற நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று சொன்னது. 2021ல் அதே குழு ஆடிய இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தது. இந்த நோய்கள் வரும் வாய்ப்பு தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு, கோல் காவலர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பல வருடம் தலையால் அடித்துக்கொண்டே இருந்தவர்கள் பின்வரிசைக்காரர்கள்தானே. அதைப் படித்த இரவு நான் எத்தனை பந்தை நெற்றியில் வாங்கியிருப்பேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இங்கிலாந்தில் 2020லிருந்து 11 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சியில் தலையடி வேண்டாம் என்று வழிகாட்டியிருக்கிறார்கள். என் 12 வயது அணியிலும் இல்லை. பெரிய பையன்களுக்கு வாரத்தில் சில தடவை மட்டும், மென்மையான பந்தில், கையால் போட்டு. பந்து பறந்து வந்தால் மார்பில் வாங்கு என்பதுதான் இப்போதைய பாடம்.

"தேசிய அளவுக்குப் போகணும்னா எங்க சேக்கணும்?"

கேட்கிற பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது, ஒரு கிளப்பில் ஒழுங்காக ஆட விடுங்கள் என்பதுதான். அதற்கு மேல், புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. 2014ல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டமும், அதன் உச்சியில் பகாங், கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியும் இருக்கின்றன. தேர்வுக்குப் போங்கள், கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. பதின்மூன்று வயதில் உயரமானவனை எடுப்பார்கள், பதினெட்டில் அதே உயரம் எல்லாருக்கும் வந்துவிடும்.

"உண்மையைச் சொல்லுங்க, நம்ம இந்தியப் பசங்களுக்கு வாய்ப்பு கிடைக்குமா?"

மழுப்பாமல் சொல்கிறேன்: முன்பைவிடக் குறைவாகத் தெரிகிறோம். சந்திரன் காலத்துத் தேசிய அணிப் படத்தைப் பார்த்துவிட்டு இன்றைய படத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி 2018ல் இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில் ஆடி முதல் நிலையான சூப்பர் லீக்குக்கு ஏறியது, 2019லிருந்து பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் ஆடியது. கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இல்லாமல் உள்ளூர் ஆட்களை வைத்தே சூப்பர் லீக்கில் நின்று காட்டினார்கள். 2022 முடிவில் விலகிவிட்டார்கள். அந்தக் கதவு மூடியது பெரிய இழப்பு.

ஆனால் பாகுபாடு ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு மனமில்லை. 15 வயதில் டியூஷனுக்காக நிறுத்தப்பட்ட பையன்கள் மட்டும் என் கணக்கில் பதினொரு பேர், ஓர் அணி. எந்தத் தேர்வாளரும் நிராகரிக்கும் முன் நாமே நிராகரித்தோம். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது. சனிக்கிழமை எட்டு மணி டியூஷனை மதியத்துக்கு மாற்றச் சொல்லலாம், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க பேக்ல ஆடினவரு. அதனால உங்க டீமே பயந்து பயந்து ஆடுதுன்னு தோணுது."

இதைக் கேட்டவர் என் பையன்களில் ஒருவனின் அப்பா. நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன், இரண்டு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. பிறகு யோசித்தேன். அந்தப் பருவத்தில் எங்கள் ஆட்டங்களில் பாதி 0-0. எனக்கு 0-0 என்றால் வெற்றி மாதிரி. பையன்கள் வீட்டுக்குப் போகும்போது முகம் தொங்கியிருக்கும், நான் மட்டும் சிரித்துக்கொண்டு இருப்பேன்.

பின்னால் நின்ற கண் எப்போதும் எது தப்பாகப் போகும் என்றுதான் பார்க்கும். 2024 தைப்பூசத்தன்று பத்துமலையிலிருந்து வந்து, கால் வலியோடு சாயங்காலம் அதே மாமாக் கடையில் பெரிய பையன்களோடு உட்கார்ந்து ஆசியக் கிண்ணத்தில் மலேசியா தென் கொரியாவோடு ஆடியதைப் பார்த்தேன். 90 நிமிடத்துக்கு மேல் நடுவர் சேர்த்த நேரத்தில் கொரியாவின் சொன் ஹியுங்-மின் பெனால்டி அடித்து 3-2. முடிந்தது என்று பில்லுக்குக் கை காட்டினேன். 105வது நிமிடத்தில் ரோமெல் மொராலெஸ் அடித்தார், 3-3. கடையே எழுந்து நின்றது. நான் உட்கார்ந்தபடி, நாம் வாங்கிய மூன்று கோலில் எது தவிர்த்திருக்கக்கூடியது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் திரும்பி, "கோச், நம்ம கோல் அடிச்சிட்டோம்" என்றான், எனக்குத் தெரியாததைச் சொல்வது போல.

தற்காப்பை ஒதுக்கச் சொல்லவில்லை. 2021ல் கோலாலம்பூர் சிட்டி ஜொகூரை 2-0 என்று வென்று, 1989க்குப் பிறகு முதல் முறையாக மலேசியக் கிண்ணத்தை நகரத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு கோலும் வாங்காமல்தான் வென்றார்கள். ஆனால் இரண்டு அடித்தார்கள். இப்போது நான் பயிற்சித் திட்டம் எழுதும்போது முதலில் தாக்குதல் பகுதியை எழுதுகிறேன், கயிறு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. தாக்குதலுக்கு முன்வரிசையில் ஆடிய ஓர் இளைஞரை உதவிக்கு வைத்திருக்கிறேன். அவர் பேசும்போது நான் வேலிக்கு வெளியே போய் நிற்பேன். பக்கத்தில் நின்றால் என்னால் வாயை அடக்க முடியவில்லை. அந்த அப்பாவோடு இப்போது பேசுகிறேன், ஆனால் அவர் சொன்னது சரி என்று இன்னும் நேரில் சொல்லவில்லை. இதைப் படிப்பார்.

"முப்பத்தஞ்சாச்சு, முட்டியும் போச்சு. இப்பப் போயி ஆரம்பிக்கலாமா?"

நான் ஆரம்பித்த வயதும் நிலைமையும் மேலே இருக்கிறது. லைசென்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் வந்து பார்த்துவிடுங்கள். சனிக்கிழமை ஏழரைக்குத் திடலில் இருப்பேன். விசில் வேண்டாம், என்னிடம் இருக்கிறது. தொப்பி, தண்ணீர், மாற்றுச் சட்டை கொண்டு வாருங்கள். முதல் நாள் உங்களுக்குப் பேச வாய்ப்புத் தரமாட்டேன், கூம்பு அடுக்கும் வேலைதான். கயிறு சிக்கியிருந்தால் அதையும் அவிழ்த்துத் தர வேண்டும்.